தடைக்காலத்துல 120 கிராம் புரதம்: டப்பா இல்லாம முடியுமா?

மஞ்சக்குப்பம் ஜிம்காரன்
எடை 75 கிலோ. தொப்பை இறங்கணும், தோள் ஏறணும். கிலோவுக்கு 1.6 கிராம் கணக்குல நாளைக்கு 120 கிராம் புரதம் வேணும், பவுடர் இல்லாம ஆகாதுங்கறார் மாஸ்டர். "நாலு மீனு தின்னா வராததா டப்பால வந்துரப் போவுது"ன்னு அம்மா கத்துறாங்க. மீன் சரி. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகாதே, அப்ப என்ன பண்றது? டப்பா இல்லாம ஒப்பேத்துறவங்க யாராவது இருக்கீங்களா?

முதுநகர் ஐஸ்பெட்டி
அம்மா சொல்றதுதான் தம்பி சரி. துறைமுகத்த பக்கத்துல வெச்சுக்கிட்டு பவுடரா? மத்தி, கானாங்கத்தை, எதுவா இருந்தாலும் 100 கிராம் சதைக்கு 20 கிராம் பக்கம் புரதம் நிக்கும். சூரைல இன்னும் கொஞ்சம் கூட. கால் கிலோ சதை தின்னா 50. மூணு முட்டை 18. மீதிக்குப் பருப்பு இல்லையா, தயிர் இல்லையா? மஞ்சக்கருவ மட்டும் வீசாத, முட்டைப் புரதத்துல நாப்பது சதவீதம் அதுலதான் இருக்கு.

லாஸ்பேட்டை புல்லப்ஸ்
கால் கிலோ சதைன்னு சுலபமா எழுதிட்டீங்கண்ணே. நம்ம வீட்டு மதியத் தட்ட நெனச்சுப் பாருங்க. சோத்த மலையா குவிச்சு, நடுவுல குழி பறிச்சு குழம்ப ஊத்துனா, ஓரத்துல ரெண்டு துண்டு மீன். முள்ளு போக 70 கிராம் சதை தேறுனாலே அதிசயம். அதுல 14 கிராம் புரதம், அவ்ளோதான். சோறு 300 கிராம்னா அதுவே 390 கலோரி. பவுடர் ஒரு கரண்டில 24 கிராம் புரதம், 120 சொச்சம் கலோரி. கொழுப்பக் கரைக்கறவன் பாக்க வேண்டியது இந்தக் கணக்க. மீன் பெருமைய இல்ல.

பண்ருட்டி பலாச்சுளை
எதுக்குப்பா இவ்ளோ சண்டை? மல்லாட்டைய (வேர்க்கடலைதான்) வறுத்து நாலு கை, கூட முந்திரி. ஊர்ல விளையுறதுதானே.

லாஸ்பேட்டை புல்லப்ஸ்
வேணாம் சாமி. 100 கிராம் மல்லாட்டைல புரதம் 25 கிராம், கலோரி 560க்கு மேல. முந்திரில 18தான், கலோரி 550. தொப்பைக்குத் தோதான தீனி.

முத்தியால்பேட்டை சமையக்கட்டு
தட்டப் பத்தி புல்லப்ஸ் தம்பி சொன்னது நிஜம். ஆனா அதுக்கு வழி டப்பா இல்ல. சுறா புட்ட இத்தன நாளா சோத்துக்குத் தொட்டுக்கிட்டோம். இனி புட்டுக்கு சோத்தத் தொட்டுக்குங்க. சுறாவ மஞ்சள் போட்டு வேக வெச்சு, தோல உரிச்சு, முள்ள எடுத்துட்டு, துணில கட்டி ஒட்டப் பிழியணும். எல்லாம் அந்தப் பிழியறதுலதான் இருக்கு. ஈரம் நின்னா சட்டில பிடிக்கும், பிடிச்சா எண்ணெய் எண்ணெயா ஊத்தத் தோணும். ஒட்டப் பிழிஞ்சதுக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய் போதும்; சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் போட்டுக் கிளறினா உதிரி உதிரியா வரும். தினமும் சுறா வேணாம், பாதரசம் சேர்ற மீனு அது. மாசமா இருக்கறவங்க தொடவே வேணாம். மத்த நாளுக்கு சூரைய இதே மாதிரி உதிர்க்கலாம்.

தடைக்காலத்துக்கும் புரட்டாசிக்கும் மீல்மேக்கர். காய்ஞ்சது 50 கிராம் எடுத்தா 26 கிராம் புரதம் வந்துரும். வெந்நீர்ல போட்டு, பிழிஞ்சு, பச்சத்தண்ணி மாத்தி மறுபடி பிழிஞ்சு, மிக்சில ஒரு சுத்து விட்டு அதே தாளிப்பு. பாதிப் பேருக்கு இது பிடிக்காம போறதே சரியா பிழியாததாலதான்.

ஓய்வுபெற்ற ஆய்வகர், கடலூர்
120 கிராம் என்பதே பெரிய தொகை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020இல் நாளைக்குக் கிலோவுக்கு 0.83 கிராம் என்றது. 75 கிலோவுக்கு 62 கிராம்தான் வருகிறது. அதன் ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலும் புரதப் பவுடரைத் தவிர்க்கச் சொல்கிறது. பவுடரில் புரதத்தைப் பெரும்பாலும் நைட்ரஜனை வைத்துத்தான் அளக்கிறார்கள். கிளைசின், டாரின் போன்ற நைட்ரஜன் உள்ள மலிவான பொருள்களைக் கலந்தாலும் அந்த எண் ஏறும். டப்பாவில் இருப்பதை நம்பி என்ன செய்வது?

லாஸ்பேட்டை புல்லப்ஸ்
சார், 0.83 சராசரி ஆளுக்குக் குறைபாடு வராம இருக்க. சாப்பாட்டையும் குறைச்சு, வெயிட்டும் தூக்குறவனுக்கு அது பத்தாது. கொழுப்போட தசையும் சேர்ந்து இறங்கிடும். நல்லா இருக்கற கிட்னிய புரதம் கெடுக்கும்னு யாரும் நிரூபிக்கல.

ஓய்வுபெற்ற ஆய்வகர், கடலூர்
கிட்னியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. நீங்களே ஆரம்பித்ததால் கேட்கிறேன், "நல்லா இருக்கற" என்று யார் பார்த்துச் சொன்னது? வீட்டில் சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ள பரம்பரை என்றால் முதலில் கிரியேட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பார்த்துவிட்டு 120க்குப் போகட்டும். மீனாக இருந்தாலும் இதே பேச்சுத்தான்.

மஞ்சக்குப்பம் ஜிம்காரன்
அப்பாவுக்கு சர்க்கரை உண்டு சார். டெஸ்ட் எடுத்துட்டு வரேன். அக்கா, மீன் 50, மீல்மேக்கர் 26, முட்டை 18, பருப்பு 50 கிராம்ல 12, ரெண்டு கப் தயிர்ல 12ன்னு கூட்டிப் பாத்தா 118 வருது. சோறு, இட்லில வர்றத நான் சேக்கவே இல்ல. தடைக்காலத்துல அந்த 50தான் உதைக்குது.

முத்தியால்பேட்டை சமையக்கட்டு
அப்பவும் நாட்டுப்படகு மீன் வரும், வெல கூட. கட்டலன்னா கோழி நெஞ்சுக்கறி. அதையும் வேக வெச்சு உதிர்த்தா புட்டுதான்.

லாஸ்பேட்டை புல்லப்ஸ்
எல்லாம் சரிக்கா. ஏசி ஆபீஸ்ல சாயங்காலம் நாலு மணிக்கு சுறா புட்டு டப்பாவத் தொறந்தா பக்கத்து சீட்டுக்காரன் சும்மா இருப்பானா? எனக்கு ஷேக்கர்தான்.

முதுநகர் ஐஸ்பெட்டி
அவனுக்கும் ரெண்டு ஸ்பூன் குடுத்துப் பாரு தம்பி.