புதுப்பிப்பு: அப்பத்தாவின் ‘நாளைக்கு’

காரைக்குடியில் பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள், ஆங்கிலத்தில் நேர்க்கூற்றை அயற்கூற்றாக்கும்போது ‘வில்’ ஏன் ‘வுட்’ ஆகிறது என்று குழம்புவதைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். விதிப்பட்டியலை மூடிவைத்துவிட்டு, “நாளைக்குப் பிள்ளையார்பட்டி போவேன்” என்று அவளுடைய அப்பத்தா சொன்னதையே எடுத்துக்கொண்டோம். தமிழில் ‘என்று சொன்னார்’ என ஒட்டினால் போதும். சொற்கள் அப்படியே நிற்கும். ஆங்கிலமோ ‘செட்’ என்ற இறந்தகாலத்தில் நின்று பார்ப்பதால், ‘ஐ வில் கோ டுமாரோ’ என்பதை ‘ஷி செட் தட் ஷி வுட் கோ த நெக்ஸ்ட் டே’ என்று, ஆள், காலம், நாள் மூன்றையும் எடுத்துச் சொல்பவரின் இடத்துக்கு நகர்த்திவிடுகிறது. (அந்த ‘நாளை’ இன்னும் வரவில்லையென்றால் ‘வில்’ என்றே விடலாம், தேர்வுத்தாளில் வேண்டாம்.) வினாக்கள்தான் இன்னும் இடறுகின்றன: அயற்கூற்றில் ‘வேர் ஷி வாஸ் கோயிங்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேர் வாஸ் ஷி கோயிங்’ என்றே எழுதுகிறாள்.