ஸ்டீரிங் திருப்பும்போது ‘டொக்’ சத்தம், லிங்க் ராட் மாற்றியும் போகவில்லை

மலைப்பாதை:

வணக்கம். முன்சக்கர இழுவை ஹாட்ச்பேக், எலக்ட்ரிக் பவர் ஸ்டீரிங், 80,000 கி.மீ. தாண்டிவிட்டது. கொஞ்ச நாளாக ஸ்டீரிங்கில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். வண்டியை நிறுத்த இடமும் வலமுமாகத் திருப்பினால், திசை மாறுகிற அந்த நொடியில் ஒரு தட்டு. மேடு பள்ளத்தில் மெதுவாகப் போனால் சின்னச் சின்னதாகத் தட்டுவது ஸ்டீரிங் பிடித்த கையிலேயே தெரிகிறது. நல்ல சாலையில் வேகமாகப் போகும்போது ஒன்றுமே இல்லை. வண்டி ஒரு பக்கம் இழுக்கவில்லை, டயரும் சீராகத்தான் தேய்ந்திருக்கிறது.

பட்டறையில் லிங்க் ராட் (சஸ்பென்ஷனை ஸ்டெபிலைசர் கம்பியோடு இணைக்கும் சின்னத் தண்டு) போயிருக்கும் என்று இரண்டு பக்கமும் மாற்றினார்கள். சத்தம் அப்படியே இருக்கிறது. இப்போது ஸ்டீரிங் ராக்கையே (ஸ்டீரிங் சுழல்வதைப் பக்கவாட்டு அசைவாக்கிச் சக்கரத்தைத் திருப்பும் பல் தண்டு) மாற்றச் சொல்கிறார்கள். பெரிய செலவு. அதன் பிறகும் சத்தம் வந்தால்? குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி, இந்த நிலையில் ஓட்டலாமா என்றும் சொல்லுங்கள்.

காற்றுவெளி:

எனக்கு சிவி ஜாயிண்ட் (இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் அச்சின் மூட்டு) மேல்தான் சந்தேகம். முன்சக்கர வண்டியில் திரும்பும்போது சத்தம் வந்தால் பெரும்பாலும் அதுதான். ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியே தெறித்திருக்கிறதா பாருங்கள்.

பழைய ஸ்பேனர்:

சிவி ஜாயிண்ட் போனால் சத்தம் வேறு மாதிரி வரும், தம்பி. ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்து, ஆக்சிலரேட்டர் கொடுத்து வண்டி உருளும்போது ‘டக் டக் டக்’ என்று சக்கரத்தின் வேகத்துக்கு ஏற்ப அடுக்கிக்கொண்டு வரும். நின்ற வண்டியில் வராது. இவர் சொல்வது திசை மாறும்போது ஒரே ஒரு தட்டு. எங்கோ ஒரு இணைப்பில் ஆட்டம் விழுந்திருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். ஒரு பக்கம் தள்ளிக்கொண்டிருந்த பாகம் மறுபக்கம் தள்ளத் தொடங்கும்போது நடுவில் இருக்கிற இடைவெளியைத் தாண்டிப் போய் இடிக்கிறது.

மலைப்பாதை, தயவுசெய்து இன்னொரு பாகமும் ஊகத்தில் வாங்காதீர்கள். இந்தச் சத்தத்தைக் காதால் தேடினால் ஏமாந்துதான் போவீர்கள். இரும்பு வழியாக ஓடி, பிறக்கிற இடம் ஒன்றும் கேட்கிற இடம் வேறொன்றுமாக இருக்கும். கையால் தேடுங்கள்.

வண்டி சமதரையில் நாலு சக்கரத்திலும் நிற்கட்டும், ஜாக்கி வேண்டாம். ஹேண்ட் பிரேக் போட்டுப் பின்சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். இன்ஜின் ஆஃப், ஆனால் ஸ்டீரிங் லாக் விழாதபடி சாவி இருக்கட்டும். ஒருவர் உட்கார்ந்து ஸ்டீரிங்கை இடமும் வலமுமாகக் கொஞ்சமே கொஞ்சம், சக்கரம் திரும்பாத அளவுக்கு, விட்டு விட்டு அசைக்க வேண்டும். இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்க்க வேண்டும்: டை ராட் எண்ட் (ராக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியின் வெளி முனை), அதற்கு உள்ளே ராக் எண்ட் (அது ரப்பர் உறைக்குள் இருக்கும், உறையோடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள்), ராக் பாடியில் பொருத்தியிருக்கும் புஷ் (ரப்பர் வளையம்), கடைசியாக பெடலுக்குப் பக்கத்தில் ராக் வரைக்கும் இறங்கும் இன்டர்மீடியட் ஷாஃப்டின் மேல், கீழ் யூ-ஜாயிண்ட் (கோணம் மாறினாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) இரண்டும். எது கையில் துடிக்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீரிங் தண்டிலேயே மோட்டார் உள்ள எலக்ட்ரிக் ஸ்டீரிங் என்றால் மோட்டாரின் பலம் முழுவதும் இந்த ஷாஃப்ட் வழியாகத்தான் ராக்குக்குப் போகும். யூ-ஜாயிண்ட்டுக்கு அங்கே வேலை அதிகம். கையில் தெரிகிற தட்டு என்றீர்கள், அதனால் நான் முதலில் அங்கேதான் கை வைப்பேன்.

ஓட்டுவது பற்றி: டை ராட், பால் ஜாயிண்ட் (சக்கரத்தைப் பிடிக்கும் குண்டு மூட்டு), ஷாஃப்ட் இந்த மூன்றில் எதில் ஆட்டம் தெரிந்தாலும் அதோடு ஓட்டாதீர்கள். கழன்றால் வண்டி நம் சொல் கேட்காது. எங்கே என்று தெரிகிற வரைக்கும் குழந்தைகளை ஏற்ற வேண்டாம்.

நெடுஞ்சாலை:

அண்ணன் சொன்னதோடு ஸ்ட்ரட் மவுண்ட்டையும் (முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனையைத் தாங்குகிற பாகம்) சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கிற பேரிங் இறுகினால் ஸ்டீரிங் திருப்பும்போது காயில் ஸ்பிரிங் சேர்ந்து சுழலாமல் முறுக்கிக்கொண்டு நின்று, பிறகு ஒரே துள்ளலில் விடும். ஒருவர் முழுக்கத் திருப்பட்டும், நீங்கள் ஸ்பிரிங்கின் மேல் கையை லேசாகப் படர வையுங்கள். சுருளுக்கு நடுவில் மட்டும் விரலை விடாதீர்கள். துள்ளினால் உடனே தெரியும். ஸ்பிரிங் துள்ளினால் ‘டொய்ங்’ என்று ஒரு இழுவை இருக்கும், இவர் சொல்கிற ‘டொக்’ அதுவாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் பார்த்துவிடுவது நல்லது.

மலைப்பாதை:

இருவருக்கும் நன்றி. தம்பியை உட்காரவைத்து அசைக்கச் சொன்னேன். டை ராட்டில் ஒன்றும் இல்லை. ஸ்பிரிங் அமைதியாகத் திரும்புகிறது. கீழ் யூ-ஜாயிண்ட்டில் கை வைத்ததும் தட்டு நன்றாகத் தெரிந்தது. ஆனால் ராக்கின் மேல் கை வைத்தாலும் கொஞ்சம் தெரிகிறது. இரண்டில் எது என்று எப்படிப் பிரிப்பது?

பழைய ஸ்பேனர்:

நல்ல கேள்வி, பலர் இங்கேதான் ராக்கை மாற்றிவிடுகிறார்கள். ஜாயிண்ட்டில் முள்கரண்டி மாதிரி இருக்கிற மேல் பிடியிலிருந்து கீழ்ப் பிடி வரைக்கும் சேர்த்து வெள்ளை மார்க்கரால் ஒரே கோடு போடுங்கள். டார்ச் அடித்துக்கொண்டு மெதுவாக அசைக்கச் சொல்லுங்கள். மேல் பாதிக் கோடு நகர்ந்து, கீழ்ப் பாதி ஒரு கணம் நின்று அப்புறம் நகர்ந்தால் ஆட்டம் ஜாயிண்ட்டில். இரண்டும் ஒன்றாகவே நகர்ந்து, தட்டு அதற்குக் கீழே கேட்டால் ராக்கைப் பார்க்கலாம். ஜாயிண்ட்டைப் பிடிக்கிற கிளாம்ப் போல்ட் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், சில நேரம் அதுவே காரணம்.

ராக்காகவே இருந்தாலும் உடனே மாற்றிவிட வேண்டியதில்லை. பல ராக்குகளில் பல் சக்கரத்தோடு ராக்கை ஒட்டி அழுத்துகிற ஒரு ஸ்பிரிங்கும் அட்ஜஸ்டரும் இருக்கும். அதைச் சரிசெய்தால் ஆட்டம் குறையலாம். ஆனால் நம் ஓட்டம் பெரும்பாலும் நேராகத்தானே, பல் நடுவில்தான் அதிகம் தேயும். நடுவுக்கு ஏற்ப இறுக்கிவிட்டால் ஓரத்தில் திருப்பும்போது பிடிக்கும், ஸ்டீரிங் தானாக நேருக்குத் திரும்பி வராது. சத்தத்தைவிட அது ஆபத்து. கம்பெனி சொன்ன அளவைத் தாண்டி இறுக்கவே கூடாது.

மலைப்பாதை:

கோடு போட்டுப் பார்த்தாயிற்று. மேல் பாதி முதலில் அசைகிறது, கீழ்ப் பாதி பின்னால்தான் வருகிறது. கண்ணாலேயே தெரிகிறது. போல்ட் இறுக்கமாகத்தான் இருக்கிறது. கிரீஸ் போட்டால் போதுமா, ஷாஃப்ட்டையே மாற்ற வேண்டுமா?

பழைய ஸ்பேனர்:

மாற்றிவிடுங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு தேய்ந்த ஜாயிண்ட்டில் கிரீஸ் போட்டால் சத்தம் சில நாள் அடங்கும், தேய்மானம் அப்படியேதான் இருக்கும். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.

அவரிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். சக்கரத்தை நேராக வைத்து, ஸ்டீரிங் அசையாமல் சீட் பெல்ட்டால் கட்ட வேண்டும். ஷாஃப்ட் கழன்றிருக்கும்போது யாராவது ஸ்டீரிங்கைச் சுழற்றிவிட்டால் ஏர்பேக்குக்குப் போகிற சுருள் ஒயர், அதாவது கிளாக் ஸ்பிரிங், அறுந்துவிடும். பேட்டரி ஒயரையும் கழற்றிவிட வேண்டும். பழைய ஷாஃப்ட் எந்தப் பல்லில் உட்கார்ந்திருந்தது என்று பெயின்ட் குறி வைத்துக் கழற்றினால்தான் ஸ்டீரிங் பிறகு கோணலாக நிற்காது. கிளாம்ப் போல்ட் புதிதாகப் போட்டு, டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்) இறுக்கச் சொல்லுங்கள்.

நெடுஞ்சாலை:

வேலை முடிந்ததும் மீட்டரில் ஸ்டீரிங் விளக்கோ ஏர்பேக் விளக்கோ எரிந்தால் அப்படியே விட்டுவிடாதீர்கள். சில வண்டிகளில் ஸ்டீரிங் ஆங்கிள் சென்சாரை ஸ்கேனர் வைத்து மறுபடி நேர்ப்படுத்த வேண்டியிருக்கும்.

மலைப்பாதை:

ஷாஃப்ட் மாற்றியாயிற்று. கழற்றிய ஜாயிண்ட்டைக் கையில் வைத்து ஆட்டினால் கடகடவென்று ஆடுகிறது, உள்ளே கிரீஸ் காய்ந்து துருப்பொடியாக உதிர்கிறது. வண்டியில் சத்தம் சுத்தமாகப் போய்விட்டது, மேடு பள்ளத்திலும் இல்லை. ஸ்டீரிங் நேராகவே நிற்கிறது, விளக்கு எதுவும் எரியவில்லை. ராக்கைத் தொடவே இல்லை. டை ராட்டைக் கழற்றவில்லை, அலைன்மெண்ட் பார்க்க வேண்டுமா?

பழைய ஸ்பேனர்:

வேண்டாம். சக்கரத்துப் பக்கம் எதையும் மாற்றவில்லையே, ஸ்டீரிங்கும் நேராக நிற்கிறது. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஷாஃப்ட்டின் மேலும் கீழும் உள்ள அந்த இரண்டு கிளாம்ப் போல்ட்டையும் மட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.