மரம் வெட்ட ஆள் வைத்ததில் எனக்கு நேர்ந்தவை

வீட்டின் பின்புறம் சில ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்ததால், கால் வைக்க இடமில்லாதபடி உண்ணிச்செடியும் கொடிகளும் அங்கே மண்டிவிட்டிருந்தன. நடுவில் தானாக முளைத்து வளர்ந்த வாகை மரம் ஒன்று, கூரைக்கு மேலே ஒரு கிளையையும் மின்கம்பிப் பக்கமாக இன்னொரு கிளையையும் நீட்டிக்கொண்டிருந்தது. இதற்காக இரண்டு முறை ஆள் வைக்க வேண்டியதாயிற்று. முதல் முறை ஏமாற்றப்பட்டேன் என்பதைவிட, கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டேன் என்பதே நியாயம்.

முதலில் வந்தவர் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாவற்றையும் சுத்தம் செய்து தந்துவிடுகிறோம்" என்று ஒரு தொகையைச் சொன்னார். சுத்தம் என்ற சொல்லுக்கு அவரிடம் வேறு பொருள் இருந்தது என்பது மாலையில்தான் எனக்குத் தெரிந்தது. புதரை முழங்கால் உயரத்தில் அரிவாளால் கொத்திச் சாய்த்து, முள்ளையும் கழிகளையும் மதிலோரம் ஆளுயரத்துக்குக் குவித்துவிட்டு, அள்ளிக்கொண்டு போவது தனிக் கணக்கு என்று சொல்லிக் கூலியை வாங்கிக்கொண்டார். உண்ணிச்செடியோ வெட்ட வெட்ட அடியிலிருந்து துளிர்ப்பது. அடுத்த மழையில் முன்பைவிட அடர்த்தியாக எழுந்து நின்றது. கூரை மேலிருந்த கிளையை மேற்பக்கமாக ஒரே வெட்டில் அறுத்ததால், பாதி அறுபடும்போதே பாரம் தாங்காமல் அது முறிந்து, அடிமரத்தின் பட்டையை ஒரு முழ நீளத்துக்கு உரித்துக்கொண்டு ஓட்டின் மேல் விழுந்தது. உடைந்த ஓடுகளுக்கு யார் பொறுப்பு என்பதும் நாங்கள் பேசியிராத ஒன்றுதான்.

அடுத்து வந்தவர் கூலியைப் பற்றி வாய் திறப்பதற்கு முன் மரத்தை இரண்டு முறை சுற்றி வந்தார். அடிமரத்தைக் கட்டையால் தட்டிப் பொந்து விழுந்திருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். குளவிக்கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தார். தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கமாகப் புதைந்திருக்கிறது என்று விசாரித்தார். மின்துறையினர் வந்து இணைப்பைத் துண்டிக்காமல் கம்பிப் பக்கக் கிளையைத் தொடமாட்டேன் என்று அவர் சொன்னபோது, அதற்காகச் சில நாட்கள் காத்திருக்க வேண்டுமே என்று எனக்குச் சலிப்பாகத்தான் இருந்தது. மரத்தையே எடுத்துவிடலாமே என்று கேட்டதற்கு, மரம் திடமாக இருக்கிறது, கம்பிப் பக்கக் கிளை போனால் போதும் என்று தன் வருமானத்தைத் தானே குறைத்துக்கொண்டார். புதரை எந்த ஆழம் வரை எடுப்பது, கழிவை யார் கொண்டுபோவது, பருத்த கட்டைகள் யாருக்குச் சேரும் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். கட்டைகளை அவருக்கு விட்டதால் கூலியில் கொஞ்சம் குறைந்தது.

கம்பிப் பக்கக் கிளையை அவர் வெட்டிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளிக் கிளையின் கீழ்ப்பக்கத்தில் கால் பங்கு ஆழத்துக்கு முதல் வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது. கயிற்றில் கட்டியிருந்த கிளை மெல்ல இறங்கிய பிறகு, மிச்சமிருந்த கட்டையை, கிளை புறப்படும் இடத்தில் தடித்திருக்கும் வளையத்தில் ரம்பம் படாமல் அறுத்தெடுத்தார். அந்த வளையத்திலிருந்துதான் மரம் தன் காயத்தை மூடிக்கொள்ளுமாம். புதரைக் கடப்பாரையால் வேரோடு நெம்பி எடுக்க இரண்டு நாட்கள் ஆயின. உள்ளே இருக்கும் பிராணிகள் வெளியேற வழி இருக்கட்டும் என்று மதில் பக்கத்திலிருந்து திறந்த வெளியை நோக்கியே வேலை நடந்தது. சாரைப்பாம்பு ஒன்று ஊர்ந்து போகும்வரை எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

அவர் அறுத்த இடத்தைச் சுற்றிப் புதுப்பட்டை வட்டமாக உருண்டு வந்துகொண்டிருக்கிறது. முதலாமவர் உரித்த இடத்தில் மரம் இன்னும் வெள்ளையாகத் தெரிகிறது.