பிஎஸ்6 கார்: ஆக்சிலேட்டர் மிதிச்சா உடனே எடுக்கல, உதவி வேணும்

சேலத்துப்பையன்:
1 லிட்டர், மூணு சிலிண்டர் டர்போ பெட்ரோல், மேனுவல், 2021 மாடல், அதாவது பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டி. 38,000 கி.மீ. ஓடியிருக்கு. வேகத்தடை இறங்கி மூணாவது கியர்லயே மிதிச்சா, ஒண்ணு ரெண்டு எண்ணுற வரைக்கும் அசையாது, அப்புறம் குபீர்னு பாயுது. ஏற்காடு ஏத்தத்துல 20 கொண்டை ஊசியிலயும் இதே கதைதான். செக் என்ஜின் லைட் எரியல. சர்வீஸ்ல "பிஎஸ்6 எல்லாமே இப்படித்தான் சார்"னு அனுப்பிட்டாங்க. நெசமா?

பட்டறைக்காரர்:
பாதி நெசம் தம்பி. பழைய கேபிள் வண்டியில கால் அசைஞ்சா, என்ஜினுக்குக் காத்து விடுற த்ராட்டில் தட்டும் அசையும். இப்போ பெடல்ல இருக்கிறது வெறும் சென்சார். நீங்க மிதிக்கிறது மனுப் போடுற மாதிரி, எவ்வளவு திறக்கணும்னு முடிவு பண்றது ஈசியூங்கிற என்ஜின் கம்ப்யூட்டர். சட்டுனு திறந்தா காத்து-பெட்ரோல் கலவை தடுமாறும். புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஒழுங்கா வேலை செய்ய, அந்தக் கலவை, எத்தனால் கலக்காத பெட்ரோல்னா எடையில 14.7க்கு 1ங்கிற அளவை ஒட்டியே இருக்கணும். அதான் நிதானமா திறக்குது. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்ததும் இந்தக் கட்டுப்பாடு இன்னும் இறுகிடுச்சு.

அதோட, மூணாவது கியர்ல 20 கி.மீ. வேகம்னா ஆர்பிஎம் (என்ஜின் ஒரு நிமிஷத்துக்குச் சுத்துற சுத்து) ஏறக்குறைய ஆயிரம்தான். டர்போங்கிறது என்ஜின் புகையால சுத்தி, காத்தை உள்ள அழுத்துற விசிறி. அதைச் சுத்த அந்தப் புகை பத்தாது.

வேகப்பிரியன்:
ப்ரோ, பெடல் சென்சார்ல மாட்டுற பெடல் பாக்ஸ்னு ஒண்ணு இருக்கு, மாட்டுங்க. நான் மாட்டினேன், பறக்குது!

பட்டறைக்காரர்:
பறக்கல தம்பி. 30 சதவீதம் மிதிச்சதை 60னு ஈசியூகிட்ட பொய் சொல்லுது, அவ்வளவுதான். முழுசா மிதிச்சா பாக்ஸ் இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான். வாரண்டி இருந்தா கை வைக்காதீங்க.

சேலத்துப்பையன், ரெண்டாவது கியர்ல 2,500 ஆர்பிஎம் வச்சு மிதிச்சுப் பாருங்க. உடனே எடுத்தா வண்டியில குறை இல்ல. அங்கயும் தாமதமா எடுத்தா ஏர் ஃபில்டர், த்ராட்டில் பாடி கரி, இன்டர்கூலர் (டர்போ அழுத்துற காத்தைக் குளிர வைக்கிறது) ஹோஸ் கிளிப் மூணையும் பாருங்க. சாவி ஆன்ல இருக்கும்போது த்ராட்டில் தட்டை விரலால தள்ளிடாதீங்க, பல்சக்கரம் போயிடும்.

சேலத்துப்பையன்:
அண்ணா, 2,500லயும் மந்தம்தான். ஹோஸைத் தடவிப் பார்த்தேன், கிளிப் பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு. கிளிப் கையிலயே சுத்துது, காத்து அங்கதான் கசிஞ்சிருக்கு! வெளியில ஒரு மெக்கானிக்கிட்ட புதுசு போட்டேன். இப்போ 2,500ல மிதிச்ச உடனே எடுக்குது. வேகத்தடையில மட்டும் மூணாவதுல இன்னும் கொஞ்சம் யோசிக்குது, ரெண்டாவதுக்கு இறக்கிடறேன்.

பட்டறைக்காரர்:
இறக்கித்தான் ஆகணும். டேஷ்போர்டுல கியரை ஏத்தச் சொல்லி அம்புக்குறி வரும், அது மைலேஜுக்கு. ஏற்காட்டுல அதைக் கண்டுக்காதீங்க.