புரூமின் 2,000 நானோகிராம்: கள்ளனா, இல்லையா?

பழைய லுமாலா (உப்புவெளி), இரவு 8.12
நேற்று மூன்றாம் கியர் எழுதியதை இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் வருகிறேன். "கிறிஸ் புரூமும் ஆம்ஸ்ட்ராங்கும் ஒன்றுதான். ஒருத்தன் பிடிபட்டான், மற்றவன் காசால் தப்பினான்." இதுதான் அவர் சொன்னது. இரண்டு பேரும் சைக்கிள் ஓட்டக்காரர்; புரூமின் ஊக்கமருந்து வழக்கைத் தடை இல்லாமல் 2018இல் மூடினார்கள். தம்பி, ஆம்ஸ்ட்ராங் ஏற்றியது ஈபிஓ, இரத்தத்தில் சிவப்பணுவைக் கூட்டுகிற ஊசி. 1999 முதல் 2005 வரை வென்ற 7 டூர் டி பிரான்ஸ் பட்டங்களும் 2012இல் பறிபோயின. அடுத்த ஜனவரியில் தொலைக்காட்சியில் தன் வாயாலேயே ஒத்துக்கொண்டார். புரூமின் சிறுநீரில் இருந்தது சல்பியூட்டமோல். முட்டு உள்ள பிள்ளை இருக்கிற வீட்டில் லாச்சியைத் திறந்தால் கிடக்கிற நீலப் பம்ப். என் மகளுடையது இப்போதும் என் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. குலுக்கி, ஒன்று இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு விரல் மடித்துப் பத்து எண்ணுவாள். அதைப் பார்த்தவன் எவனும் அதை ஆம்ஸ்ட்ராங்கின் ஊசியோடு சேர்த்துப் பேச மாட்டான்.

மூன்றாம் கியர், இரவு 8.20
அண்ணை, உங்கள் மகளை நான் இழுக்கவில்லை. எல்லை சிறுநீரில் ஒரு மில்லிலீற்றருக்கு 1,000 நானோகிராம். புரூமுக்கு வந்தது 2,000. சரியாக இரண்டு மடங்கு. 2017 செப்டம்பர் 7, ஸ்பெயினின் மூன்று கிழமை சைக்கிள் ஓட்டமான வுவெல்டாவின் 18ஆம் கட்டம். இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

பழைய லுமாலா, இரவு 8.31
2,000 என்பது திருத்தாத கணக்கு. மூன்று கிழமை வெயிலில் ஓடியவனின் சிறுநீர் தடித்துத்தான் வரும். அதே மருந்து, குறைந்த தண்ணீர், கூடிய எண். அடர்த்தியைக் கணக்கில் எடுக்கிற விதி 2018இல் வந்தது. அதன்படி பார்த்தால் 1,429. நிலாவெளி வீதியில் மதியம் ஒரு மணிக்கு ஓடிவிட்டு வந்து பாத்ரூமில் நிறத்தைப் பாருங்கள், விளங்கும்.

மூன்றாம் கியர், இரவு 8.34
1,429ஆ? 1,000க்கு மேல் அளவீட்டுப் பிழைக்கு இடம் விட்டும், விசாரணை தொடங்கும் எல்லை 1,200. அப்போதும் மேலேதானே? நீங்களே கொண்டுவந்த எண் உங்களையே விழுத்துகிறது. 2,000ஐ வைத்தாலும் பிழை, 1,429ஐ வைத்தாலும் பிழை.

மருந்துக்கடை அக்கா (லிங்கநகர்), இரவு 8.47
இரண்டு பேரும் நிற்காமல் எண் எறிகிறீர்கள். அந்தப் பம்பில் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கு அனுமதி 1,600, அதாவது 16 பஃப். இழுத்தது எவ்வளவு, சிறுநீரில் வந்தது எவ்வளவு என்பதற்கு நேர்கோடு கிடையாது. ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் மாறும். இதைத்தான் கதைக்க வேண்டும்.

மூன்றாம் கியர், இரவு 8.50
அக்கா, உங்கள் கடையில் யாராவது ஒரு நாளில் 16 பஃப் அடித்தால் நீங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாட்டீர்களா? அப்படிப்பட்ட நோயாளி அல்ப்ஸ் மலையில் ஏறுவானாம், நாங்கள் நம்ப வேண்டுமாம்.

கிண்ணியாக் காற்று, இரவு 9.02
எங்கள் நாட்டிலேயே நடந்ததை மறந்துவிட்டீர்களா? 2015 டிசம்பரில் குசல் பெரேராவை நியூசிலாந்துத் தொடரிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். கட்டார் ஆய்வுகூடம் ஸ்டீரொய்ட் என்றது. 4 வருடத் தடை என்று பேச்சு. 2016 மேயில் ஐசிசியே குற்றச்சாட்டை விலக்கிக்கொண்டது, பிழை ஆய்வுகூடத்தில். அந்த ஆறு மாதத்தில் அந்தப் பிள்ளையை எத்தனை பேர் கள்ளன் என்று ஏசினோம்? நானும் ஏசினேன். இன்றைக்கும் நெஞ்சில் குத்துகிறது.

மூன்றாம் கியர், இரவு 9.05
நானா, அது கிரிக்கெட். அங்கே ஆய்வுகூடம் பிழை. இங்கே யாரும் ஆய்வுகூடத்தைப் பிழை சொல்லவில்லை. புரூமின் ஆட்களே சொல்லவில்லை. 2,000.

பழைய லுமாலா, இரவு 9.18
2,000, 2,000. கோயில் மணி மாதிரி அதையே அடிக்கிறீர். சரி, காசு உள்ளவன் தப்புவான் என்றால் அல்பர்டோ கொண்டடோர் ஏன் தப்பவில்லை? 2010 டூரில் அவர் சிறுநீரில் இருந்த கிளென்பியூட்டரோல் என்கிற தடைமருந்து 50 பைகோகிராம். பைகோ என்பது நானோவில் ஆயிரத்தில் ஒன்று. இறைச்சியில் வந்தது என்றார், ஸ்பெயின் சம்மேளனமும் விட்டுவிட்டது. ஆனாலும் 2012இல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2 வருடத் தடை போட்டது, பட்டம் அண்டி ஷ்லெக்குக்குப் போனது. அவரிடம் காசில்லையா, சட்டத்தரணி இல்லையா? அன்றைய விதியில் கிளென்பியூட்டரோல் ஒரு துளியும் கூடாது. சல்பியூட்டமோல் அளவோடு கூடும். இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டாதீர்.

ஓர்ஸ்ஹில் ஏத்தம், இரவு 9.26
அண்ணை, அப்படியென்றால் ஒரே சாக்கில் உள்ளதையே பார்ப்போம். உலிசி, இத்தாலிக்காரன், 2014 ஜீரோ டி இத்தாலியா, அதாவது இத்தாலியின் பெரிய சைக்கிள் ஓட்டம். அதே சல்பியூட்டமோல். 1,920. தடை 9 மாதம். பெட்டாக்கி, 2007 ஜீரோ, 1,320. அவருக்கும் தடை. புரூம் 2,000, தடை இல்லை. நான் அவரைக் கள்ளன் என்று சொல்லவில்லை. ஒரே மருந்துக்கு மூன்று பேருக்கு மூன்று தீர்ப்பு என்றால் அந்தத் தராசில் யார் காய்கறி வாங்குவான்?

பழைய லுமாலா, இரவு 9.41
உலிசி, பெட்டாக்கிக்கு அநியாயம் நடந்தது என்று சொல்லுங்கள், நானும் கையெழுத்து வைக்கிறேன். அவர்களுக்கு நடந்த அநியாயத்தை இவனுக்கும் செய் என்று கேட்பது என்ன நீதி? இன்னொன்று. இந்த மருந்து கண்டால் உடனே ஓட்டத்தை நிறுத்தச் சொல்லி விதியில்லை, விசாரணை முடியும்வரை பெயரும் வெளியில் வரக்கூடாது. ஆனால் 2017 டிசம்பரில் பத்திரிகைகளில் வந்துவிட்டது. 2018 மேயில் ஜீரோவை வென்றபோது, பினெஸ்ட்ரே மலையில் 80 கிலோமீற்றர் தனியாக ஓடி வந்தவனை வீதியோரத்தில் நின்று ஏசினார்கள். ஜூலை 2இல்தான் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் வழக்கை மூடியது. ஒன்பது மாதம்.

மூன்றாம் கியர், இரவு 9.44
தன் 1,429 எல்லைக்கு மேல் என்பதற்கு மட்டும் அண்ணையிடம் இன்னும் பதில் இல்லை. எல்லோரும் கவனியுங்கள்.

பழைய லுமாலா, இரவு 9.52
பதில் அக்கா சொல்லிவிட்டார், உமக்குத்தான் வாசிக்கப் பொறுமையில்லை. அனுமதித்த அளவு இழுத்தும் அந்த எண் வரலாம் என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையே ஏற்றது. போட்டி நாளின் களைப்பையும் வெயிலையும் ஆய்வுகூடத்தில் திரும்ப உண்டாக்க முடியாது என்றும் ஏற்றது. அதனால் மேன்முறையீடும் செய்யவில்லை. நேர்மை பற்றி நீர் எனக்கு வகுப்பு எடுக்க வேண்டாம். குச்சவெளி போய்த் திரும்புகிற சித்திரைப் புத்தாண்டு ஓட்டத்தில் சாம்பல்தீவுத் திருப்பத்தில் உழவு இயந்திரத்தின் பெட்டியைப் பிடித்துக்கொண்டு போனவர் யார்?

மூன்றாம் கியர், இரவு 9.54
பிடிக்கவில்லை! என் செயின் கழன்றது, நிலை தடுமாறிக் கை வைத்தேன். ஒரு செக்கன். அதற்காக நடுவர் என்னைக் கேட்கவுமில்லை, பெயரை வெட்டிவிட்டார். இன்றைக்கும் அந்தக் கோபம் இருக்கிறது. நீங்கள் அன்றைக்கு எனக்கு ஒரு வார்த்தை பேசினீர்களா? புரூமுக்குப் பேசுகிறீர்கள்.

கிண்ணியாக் காற்று, இரவு 9.58
நான் பின்னால்தான் வந்தேன். ஒரு செக்கன் இல்லை.

மூன்றாம் கியர், இரவு 9.59
நானா, நீங்கள் அந்த ஓட்டத்தில் எத்தனையாவது? அவ்வளவு தூரத்திலிருந்து கண் தெரிந்ததா?

மருந்துக்கடை அக்கா, இரவு 10.06
உழவு இயந்திரத்தை விடுங்கள். அந்த விதியில் எல்லை ஏன் 1,000 என்று யாராவது ஒருவர் கேட்டீர்களா?

பழைய லுமாலா, இரவு 10.15
கேட்போம் அக்கா. முதலில் இவர் "கள்ளன்" என்ற சொல்லைத் திருப்பி எடுக்கட்டும். மகளுக்கு இரவு பம்ப் கொடுக்க வேண்டும், போய்விட்டு வருகிறேன்.

மூன்றாம் கியர், இரவு 10.16
எடுக்க மாட்டேன். 2,000.