லுகாஃபெரிசிஸ் செஞ்சுக்கிட்டவங்க யாராவது இருக்கீங்களா?

எல்லாருக்கும் வணக்கம். எங்க அத்தானுக்கு (அக்கா வீட்டுக்காரர், 46 வயசு) ஏ.எம்.எல். வகை ரத்தப் புற்றுநோய்னு இந்த வாரம்தான் தெரிஞ்சது. வெள்ளை அணுக்கள் 1,80,000. சாதாரணமா 4,000 முதல் 11,000 வரைதான் இருக்கணும். மூச்சு வாங்குது, பார்வையும் மங்கலா இருக்குங்கிறார். அணுக்கள் நெருக்கியடிச்சு சின்ன ரத்தக் குழாய்களை அடைக்குதாம். அதனால நாளைக்கு லுகாஃபெரிசிஸ்.

டாக்டர் சொன்னதுல எனக்குப் புரிஞ்சது: ரத்தத்தை மெஷினுக்குள்ள விட்டு, வேகமா சுழற்றி, வெள்ளை அணுக்களைப் பிரிச்சு எடுத்துட்டு மீதியை உடம்புக்கே திருப்பி விடுவாங்க. ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். நோயை இது குணப்படுத்தாது, எண்ணிக்கையை மட்டும் குறைக்கும். கீமோ தள்ளிப்போனா மறுபடி ஏறிடும். (அக்கா இதை ஆபரேஷன்னு நினைச்சு அழுதுட்டிருக்கா.) ரத்தம் உறையாம இருக்க சிட்ரேட் சேர்ப்பாங்களாம். அதுல கால்சியம் குறைஞ்சு உதடு, விரல் நுனியெல்லாம் மரத்தா உடனே நர்ஸ்கிட்ட சொல்லணும்னாங்க.

உங்களுக்குக் கழுத்துல குழாய் போட்டாங்களா, கை நரம்பே போதுமா இருந்துச்சா? வலி எப்படி? தட்டணுக்களும் (பிளேட்லெட்) குறையும்ங்கிறாங்க, டோனர்களை முன்கூட்டியே பிடிச்சு வெச்சீங்களா? நடுவுல சிறுநீர் வந்தா என்ன பண்றது? அவருக்கு இதைக் கேக்கக் கூச்சம். ஹீமோகுளோபின் 7 இருந்தும் இப்ப ரத்தம் ஏத்த வேண்டாம்னுட்டாங்க, இன்னும் கெட்டியாகிடுமாம். உங்களுக்கும் அப்படித்தான் சொன்னாங்களா?

பப்பாளி இலைச் சாறு யோசனை மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.