மானாவாரி நிலத்தில் பயோடீசலுக்குக் காட்டாமணக்கு நடலாமா, புங்கம் நடலாமா?

கேள்வி:
விருதுநகர் மாவட்டத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் சரளைச் செம்மண் மானாவாரி நிலம் இருக்கிறது. அப்பா காலத்தில் குதிரைவாலியும் சோளமும் விளைந்த அந்த நிலத்தில், உழவு நின்று ஆறு ஆண்டுகள் ஆனதால் சீமைக்கருவேலம் மண்டிவிட்டது. டீசலுக்கு மாற்றாகத் தாவர எண்ணெயிலிருந்து செய்யும் பயோடீசலுக்கான எண்ணெய்வித்து நட்டால் தண்ணீர் பாய்ச்சாமலேயே வருமானம் வரும் என்று கன்று விற்பவர் ஒருவர் சொல்கிறார். காட்டாமணக்கு, புங்கம் இரண்டில் எது ஏற்றது? ஆமணக்கு இதற்கு உதவுமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (விவசாயி):
ஐயா, 2003-இல் மத்தியத் திட்டக்குழுவின் அறிக்கை காட்டாமணக்கை முன்னிறுத்தி, 2011-12-க்குள் டீசலில் 20 சதவீதம் பயோடீசல் கலக்கலாம் என்று இலக்கு வைத்த பிறகு பரவிய நம்பிக்கையில், நானும் இரண்டு ஏக்கர் நட்டேன். செடி சாகவில்லை என்பது உண்மை. ஆடு கடிக்காது, வறட்சியில் இலையை உதிர்த்துவிட்டு உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆனால் பிழைத்துக் கிடப்பது வேறு, காய்ப்பது வேறு. மழை பொய்த்த ஆண்டில் ஏக்கருக்கு ஒரு மூட்டை விதைகூடத் தேறவில்லை. காய்த்த ஆண்டிலும், ஒரே கொத்தில் ஒன்று பச்சையாகவும் ஒன்று மஞ்சளாகவும் இன்னொன்று கறுத்து வெடித்தும் இருந்ததால், திரும்பத் திரும்ப ஆள்விட்டுப் பறிக்க வேண்டியிருந்தது. விதை விற்ற பணம் கூலிக்கே போதவில்லை. கடலையைப் போலத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பண்படுத்திய பயிர் அன்று அது, வேலிச்செடி. நான்காம் ஆண்டில் வேரோடு தோண்டிவிட்டேன்.

மறுமொழி 2 (எண்ணெய் ஆலை நடத்துபவர்):
அண்ணாச்சி கூறியதோடு விலைக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். எங்கள் ஆலையில் ஏறத்தாழ நான்கு கிலோ புங்கம் விதைக்கு ஒரு லிட்டர் எண்ணெய் கிடைக்கிறது. டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், எண்ணெய் ஆட்டும் கூலி, எண்ணெயைப் பயோடீசலாக்கச் சேர்க்கும் மெத்தனால், வரி எதையும் கழிக்காமல் முழுத் தொகையையும் விவசாயிக்கே கொடுத்தாலும் கிலோவுக்கு 23 ரூபாய்தான் வரும். பிண்ணாக்கு வயலுக்கு உரமாக விலை போவதால்தான் ஓரளவு கட்டுப்படியாகிறது. விதையை நன்றாகக் காய வைப்பதும் முக்கியம். நனைந்த விதையை மூட்டை கட்டி வைத்தால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். அதில் மெத்தனாலையும் காஸ்டிக் சோடாவையும் கலந்தால், மேலே பயோடீசலும் அடியில் கிளிசரினும் தெளிந்து பிரிவதற்குப் பதிலாக, பாத்திரம் முழுவதும் சோப்புக் கூழாகக் கட்டிக்கொள்ளும். ஆமணக்கெண்ணெய் மிகவும் கெட்டியானது, அப்படியே டீசலுக்கு ஒத்துவராது. மசகு, மருந்துத் தொழில்களில் அதற்கு நல்ல விலை இருக்கும்போது எரிபொருளாக்குவது வீண்.

மறுமொழி 3 (வேளாண் பட்டதாரி):
என் கருத்தில் வயல் முழுவதையும் எந்த எண்ணெய் மரத்துக்கும் கொடுக்க வேண்டாம். கர்நாடகத்தின் ஹாசன் பகுதியில் புங்கம், இலுப்பை, வேம்பு ஆகியவற்றை வரப்புகளில் நட ஊக்குவித்தார்கள். உங்களுக்கும் அதுவே பொருந்தும். சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்றி, நடுவில் மீண்டும் குதிரைவாலி விதைத்து, வரப்பில் மட்டும் புங்கம் வையுங்கள். அதன் வேர்முடிச்சுகள் மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும். விதைக்கன்று காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகலாம். நன்றாகக் காய்க்கும் தாய்மரத்திலிருந்து எடுத்த ஒட்டுக்கன்று முன்னதாகவே காய்க்கும். முதல் இரண்டு கோடைகளில் குடத்தில் சுமந்தாவது தண்ணீர் ஊற்றியாக வேண்டும். கன்றுக்குப் பணம் கொடுப்பதற்கு முன், விளையும் விதையை யார், என்ன விலைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்பதை அந்த விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.